தொண்ணூற்றிரண்டு சென்டிமீட்டர்

ஜூலை 2

அளவு நாள். பதினொரு குழாய்களின் அளவும் மதியத்துக்குள் வந்துவிட்டது. ஐந்தாம் குழாய் 10.75 மீட்டர். போன மாதத்தைவிட ஒன்பது சென்டிமீட்டர் இறக்கம்.

மாலையில் கீழ் வீட்டிலிருந்து தம்பி மகள் என் மாடிக்கு வந்தாள். கல்லூரியில் முதல் வருடம். நிலத்தடி நீர் அலுவலகத்தில் அத்தை என்னதான் செய்கிறாள் என்று யாரோ கேட்டார்களாம், இவளுக்குப் பதில் தெரியவில்லையாம். சொன்னேன். தரைக்குள் ஆழமாக இறக்கிய ஓர் இரும்புக் குழாய். அதன் வாய் வழியாக டேப்பை உள்ளே விடுவோம். நுனி தண்ணீரைத் தொட்டதும் பீப் என்று ஒரு சத்தம் வரும். அந்த நேரத்தில் குழாயின் வாய் விளிம்பில் டேப் என்ன எண்ணைக் காட்டுகிறதோ, அவ்வளவு ஆழத்தில் தண்ணீர். எண் கூடினால் தண்ணீர் இறங்குகிறது.

"அவ்ளோதானா? இதுக்கா எம்.எஸ்சி. படிச்சீங்க?"

இதற்குத்தான் என்றேன். இருபத்திரண்டு வருடமாக இதற்குத்தான்.

ஜூலை 3

ஐந்தாம் குழாய் பள்ளி மைதானத்தின் மூலையில் இருக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் டேட்டா சென்டர். ஜன்னலே இல்லாத வெள்ளைக் கட்டடம், ஓயாத உறுமல். எங்கள் தெருவில் அதற்கு ‘ஃப்ரிட்ஜ்’ என்று பெயர். உள்ளே செயற்கை நுண்ணறிவை ஓட்டும் கம்ப்யூட்டர்கள் வரிசை வரிசையாக. அவை சூடாகாமல் இருக்க நிலத்தடி நீரை உறிஞ்சி ஆவியாக்கி விடுகிறார்கள்.

அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டோம். அவர்கள் வருவதற்கு முன் ஐந்தாம் குழாயில் தண்ணீர் 9.40 மீட்டரில் இருந்தது. அதிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் இறங்கி, தொடர்ந்து மூன்று மாதம் அப்படியே இருந்தால் எடுக்கும் நீரைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மீதித் தேவைக்குச் சுத்திகரித்த கழிவுநீர். அந்த வரியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. எழுதும்போது, இது காகிதத்திலேயே கிடக்கப்போகிற வரி என்றுதான் நினைத்தேன். எதையும் சுலபத்தில் நம்புகிற சுபாவம் எனக்கு இல்லை.

ஏப்ரல், மே, ஜூன் — மூன்று மாதமும் ஒரு மீட்டருக்கு மேல். இப்போது ஜூலையும். 31ஆம் தேதி விசாரணை.

ஜூலை 5

தம்பி லாண்டரியில் பம்பு காற்றை இழுக்கிறது. வீட்டுக்குப் பின்னாலேயே லாண்டரி. கொல்லைக் கிணறுதான் அதற்கு உயிர். இரண்டு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள், ஒரு நாளைக்கு நானூறு. முன்பெல்லாம் மாலை ஐந்து வரை ஓடிய மெஷின்கள் இப்போது பன்னிரண்டு மணிக்கு நின்றுவிடுகின்றன. போதாததற்கு, மாதம் ஒருமுறை ஃப்ரிட்ஜ்காரர்கள் ஜெனரேட்டர்களைச் சோதிக்கிறார்கள். அன்று மொட்டைமாடியில் காயும் விரிப்புகளில் கரி படிகிறது. திரும்பத் துவைக்கத் தண்ணீர் இல்லை.

விசாரணைக்குத் தெருவின் சார்பில் தம்பிதான் மனு எழுதியிருக்கிறான். படிக்கக் கொடுத்தான். ‘ஐயத்திற்கிடமின்றிப் புலப்படும் நீரியல் சீர்குலைவு’ என்று ஒரு வரி.

"இது நீ எழுதினதாடா?"

அவன் மெஷினைத் துடைக்கப் போய்விட்டான். மகள்தான் சிரித்தாள். "ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கறதுகிட்டயே கேட்டோம் அத்தை. அதுவே அது மேல சூப்பரா கம்ப்ளெய்ண்ட் எழுதுது."

தம்பி மனைவி விரிப்பு மடித்துக்கொண்டே, "பின்னே? நம்ம தண்ணியக் குடிச்சுட்டு இதுகூட செஞ்சு தரலேன்னா எப்படி?" என்றாள்.

கிளம்பும்போது தம்பி சொன்னான்: "இந்தப் பேப்பரெல்லாம் சும்மா அக்கா. உன் நம்பர்தான் கேஸ்."

ஜூலை 8

அவன் சொன்னது சரி. மனுவில் இருக்கும் ஒரே உறுதியான விஷயம் என் அலுவலகத்தின் எண்தான். எனக்கு அதில் ஒரு சின்னப் பெருமை. எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஜூலை 11

விசாரணைக் கோப்பில் குழாயின் புகைப்படம் சேர்க்க வேண்டும். அதற்காகத்தான் போனேன். முழங்கால் வலி வந்ததிலிருந்து நான் களத்துக்குப் போவதில்லை. பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான். ‘டேப்’ உடன் வந்தார். (அளவெடுக்கும் ஊழியர். முப்பது வருடமாக டேப்போடு சுற்றுவதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் டேப்தான். சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர்.)

குழாய் என் இடுப்புக்கு மேல் நின்றது.

பழைய புகைப்படத்தைக் கையில் வைத்திருந்தேன். அதில் அது என் முழங்கால் உயரம்.

"இது எப்போ?" என்றேன்.

"மார்ச்சுல மேடம். ரோடு போட வந்த லாரிக்காரனுங்களுக்குக் குழாய் கண்ணுல படல, ஒருத்தன் இடிச்சே இடிச்சுட்டான். அதான் மேல ஒரு துண்டு வெல்டு வச்சு, மஞ்சப் பெயிண்ட் அடிச்சுட்டுப் போனானுங்க." பிறகு கொஞ்சம் தயங்கி, "எழுதியிருக்கேனே மேடம்" என்றார்.

பையிலிருந்து களக் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினார். மார்ச் 19. அவருடைய சாய்ந்த கையெழுத்து: ‘கு.5 வாய் 92 செ.மீ. உயர்த்தப்பட்டது. வெல்டிங் தழும்பு தெரிகிறது. வெயில் அதிகம்.’

டேப்பை வாங்கி நானே அளந்தேன். தழும்பிலிருந்து விளிம்பு வரை 92.

வாயை உயர்த்தினால், தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தாலும் டேப் 92 சென்டிமீட்டர் கூட்டிக் காட்டும். இது முதல் வருட மாணவிக்குத் தெரியும்.

ஜூலை 12

சனிக்கிழமை. யாரும் இல்லாத அலுவலகத்தில் உட்கார்ந்து திருத்திப் போட்டேன்.

ஏப்ரல்: 1.09 இல்லை, 0.17.
மே: 1.18 இல்லை, 0.26.
ஜூன்: 1.26 இல்லை, 0.34.
ஜூலை: 1.35 இல்லை, 0.43.

ஒரு மாதம்கூட ஒரு மீட்டரைத் தொடவில்லை. தண்ணீர் இறங்குகிறது, நிற்காமல் இறங்குகிறது. ஆனால் நிபந்தனையின் கோட்டுக்குப் பாதி தூரம்கூட வரவில்லை.

டேப் எழுதியது ஏன் என் கண்ணில் படவில்லை? களக் குறிப்பேட்டில் ‘குறிப்பு’ என்று கடைசியில் ஒரு கட்டம் உண்டு. முன்பெல்லாம் அதையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம். டேப் அதில் உலகத்தையே எழுதுவார். ‘நாய் துரத்தியது.’ ‘கேட் பூட்டு, சுவர் ஏறினேன்.’ ‘பாம்புச் சட்டை, பாம்பு இல்லை.’ இரண்டு வருடத்துக்கு முன் புது மென்பொருள் வந்தபோது, அந்தக் கட்டம் வேண்டாம், வெறும் குப்பை சேர்கிறது என்று எழுதிக் கொடுத்தவள் நான். என் யோசனையை ஏற்றுக்கொண்டதற்கு நன்றிக் கடிதம்கூட வந்தது.

சரி, அதை விடு. மார்ச்சிலிருந்து ஏப்ரலுக்குள் ஒரே மாதத்தில் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் குதித்திருக்கிறதே, அது ஏன் உறுத்தவில்லை? வேறு எந்தக் குழாயாக இருந்தாலும் டேப்பைத் திரும்ப அனுப்பியிருப்பேன். அந்த மாதம்தான் ஃப்ரிட்ஜின் இரண்டாவது பகுதி ஓட ஆரம்பித்தது. நான் எதிர்பார்த்த எண் வந்தது. அதனால் கேள்வி கேட்கவில்லை. எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறவள் என்று நானே எனக்குப் பட்டம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 14

மேலதிகாரியிடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார். நல்ல மனிதர்தான். அவருடைய வீட்டுக் கிணறும் அந்தப் பக்கம்தான்.

"எழுதிக் கொடுத்துடாதீங்க. வாயால சொன்னீங்க, காதால கேட்டேன். அதோட விடுங்க."

அப்படி எப்படி விடுவது என்றேன்.

"என் சர்வீஸ்ல முதல் தடவையா ஒரு தப்பு சரியான பக்கமா விழுந்திருக்கு. அதைப் போய் நிமிர்த்தி வைக்கணுமா? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கிறேன். அவர் சொல்வதில் இருக்கும் நியாயம்தான் என்னைப் படுத்துகிறது. ஃப்ரிட்ஜ்காரர்கள் தண்ணீரை எடுக்கவில்லையா? எடுக்கிறார்கள். கோடு இன்றில்லாவிட்டால் இன்னொரு நாள் தாண்டப்படும். தெருவுக்கு நல்லது நடக்கும். தம்பியின் மெஷின்கள் ஓடும்.

நான் சும்மா இருந்தால் மட்டும் போதும். பொய்கூடச் சொல்ல வேண்டாம்.

ஜூலை 15

டேப் வந்து நின்றார். "என் தப்புன்னு எழுதிடுங்க மேடம். எனக்கு இன்னும் ஆறே மாசம்தான். என்ன பண்ணிடப் போறாங்க?"

"நீங்க எழுதினீங்க. நான்தான் படிக்கல."

"அப்போ அந்தக் கட்டத்தைத் திரும்பப் போடச் சொல்லுங்க" என்றார். சிரிக்கவில்லை. போடச் சொல்லி இன்றே எழுதினேன்.

ஜூலை 16

தம்பியிடம் சொல்லிவிட்டேன். வேறு யாராவது சொல்லித் தெரிவதற்கு முன் நானே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கீழே, அவர்கள் சமையலறையில்.

முதலில் அவனுக்குப் புரியவில்லை. "அப்போ எவ்ளோதான் இறங்கியிருக்கு?"

"நாற்பத்தி மூணு சென்டிமீட்டர்."

"ஒண்ணரை மீட்டர் பக்கம்னு சொன்னியே."

"தப்பாச் சொன்னேன்."

டீ டம்ளரைத் தள்ளி வைத்தான். பிறகு ரொம்ப நிதானமாக, குழந்தையிடம் பேசுவது போல, "சரி அக்கா. தப்பு நடந்துபோச்சு. திருத்திக்கலாம். ஆகஸ்ட்ல திருத்து. விசாரணை முடியட்டும். யாரு கேட்கப்போறா?"

"நான் கேட்பேன்டா."

"உனக்கு எப்பவும் நம்பர்தான் பெருசு. கிணத்துல தண்ணி இல்ல. இது நம்பர் இல்ல, போய் எட்டிப் பாரு, சேறு தெரியுது. உன் நாற்பத்தி மூணுகிட்ட கேளு, ஏன் சேறு தெரியுதுன்னு."

"நம்ம கிணறு ஆழம் கம்மி. கொஞ்சம் இறங்கினாலே தெரியும். தண்ணி இறங்கலேன்னு நான் சொல்லல. அவ்ளோ இறங்கலேன்னுதான் சொல்றேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா. அவ்வளவுதான் வித்தியாசம். அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை.

"அவங்க அனுமதி வாங்கறப்போ எத்தனை பொய் சொன்னாங்க? ஆயிரம் பேருக்கு வேலைன்னாங்க. எத்தனை பேர் வேலை பாக்கறாங்க? முப்பத்தெட்டு. அதுல பாதி வாட்ச்மேன். அவங்க பொய் எல்லாம் ஓடுது. நம்ம பக்கம் ஒரே ஒரு தப்பு, அதுவும் யாரும் வேணும்னு பண்ணல, அதை நீயே தூக்கிட்டுப் போய்க் கொடுக்கப் போறே."

தம்பி மனைவி நடுவில் வந்தாள். "அண்ணி, டீ ஆறிப்போச்சு, வேற போடட்டுமா?" 

டீயைக் குடிக்காமலே மாடிக்கு வந்துவிட்டேன். 

ஜூலை 17

மதியம் தம்பி பள்ளி மைதானத்துக்குப் போயிருக்கிறான். மனைவியின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு. என் கணக்கு தப்பு என்று காட்டத்தான் போயிருப்பான்.

திரும்பி வந்து டேப்பைத் தையல் மெஷின் மேல் போட்டுவிட்டு, "தொண்ணூத்தி ரெண்டுதான்" என்று மனைவியிடம் சொன்னானாம். அவள் வந்து சொன்னாள்.



ஜூலை 19

இது நேர்மையா, கர்வமா? என் அட்டவணையில் ஒரு பொய் எண் உட்கார்ந்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதற்காகத் தெருவின் தண்ணீரைப் பந்தயம் வைக்கலாமா?

மறுபக்கம்: வெல்டிங் தழும்பை எவனும் பார்க்கலாம். இன்றில்லாவிட்டால் அடுத்த வருடம் கம்பெனியின் ஆள் ஒருவன் பார்ப்பான். அன்றைக்குப் பதினொரு குழாய், இருபத்திரண்டு வருடம், எல்லாமே பொய் என்பார்கள். அதன் பிறகு தண்ணீர் எவ்வளவு இறங்கினாலும் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

இந்தக் காரணம் நன்றாக இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருக்கிறது. நல்ல காரணம் கிடைத்ததால் செய்கிறேனா, செய்வதென்று முடிவெடுத்துவிட்டுக் காரணம் தேடுகிறேனா?

ஜூலை 23

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். கட்டத்தை எடுக்கச் சொன்னது நான் என்பதையும் சேர்த்து. மேலதிகாரி இரண்டு நாள் மேஜையிலேயே வைத்திருந்துவிட்டு இன்று கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, "உங்களுக்குத் தூக்கம் வரும். எனக்கு வராது" என்றார்.

எனக்கும் வரவில்லை.

ஜூலை 31

விசாரணை.

தெருக்காரர்கள் பின்னால் மூன்று வரிசை. தம்பி நடுவில். சலவை செய்த வெள்ளைச் சட்டை. நான் எழுந்து திருத்தத்தை வாசித்தேன். வாசிக்கும்போது நிமிர்ந்து பார்க்கவில்லை. நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொன்றாக.

கம்பெனி வக்கீல் ஓர் இளம்பெண். மென்மையான குரல். என்னை எதிர்த்துக் கேட்க ஒன்றுமில்லை என்றாள். இப்படிப்பட்ட நேர்மையான அதிகாரிகள் இருப்பது நாட்டுக்கே பெருமை என்றாள். திருத்திய அளவுகளைத் தங்கள் நிறுவனம் முழுமையாக ஏற்கிறது, இனிமேலும் இந்தக் குழாயையும் இந்த முறையையுமே அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும், இதைப் பதிவு செய்யுங்கள் என்று விசாரணை அதிகாரியிடம் கேட்டுக்கொண்டாள். அதிகாரி அம்மாள் பதிவு செய்தார். தெருவின் மனு தள்ளுபடி. மொத்தம் நாற்பது நிமிடம்.

எதிர்த்தரப்புப் பாராட்டு. உடம்பில் என்னவோ ஒட்டிக்கொண்டது போல இருந்தது.

வெளியே வரும்போது எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "மேடத்துக்கு ஃப்ரிட்ஜுல ஏ.சி. ரூம் ஒண்ணு ஒதுக்கியிருப்பாங்க." இரண்டு பேர் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. என்னைக் கடந்து போனான். ஆள் இல்லாத இடத்தைக் கடப்பது போல.

ஆகஸ்ட் 3

தம்பி பேசவில்லை.

ஆகஸ்ட் 6

அளவு நாள். இனி ஐந்தாம் குழாய்க்கு நானே போவதென்று முடிவு. முழங்கால் எப்படியும் வலிக்கத்தான் போகிறது. 0.50 இறக்கம். மூன்று முறை அளந்தேன். டேப் பொறுமையாக நின்றார்.

ஆகஸ்ட் 17

தம்பி மனைவி ஒரு தட்டு எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். சாப்பாடு. வேண்டாம், கீழே பிரச்சினை ஆகும் என்றேன்.

"அவர் பேசலேன்னா நானும் பேசக்கூடாதுன்னு சட்டமா அண்ணி? அவரு கோவம் அவருக்கு. என் கோவம் எனக்கு."

"உனக்கும் கோவமா?"

"இல்லாம?" என்றாள். தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "ஆனா சாப்பிடுங்க."

அக்டோபர் 1

0.58. மழை தொடங்கியிருக்கிறது. இறக்கம் மெதுவாகிறது. இது நல்ல செய்தியா என்று எனக்கே தெரியவில்லை. அப்படி யோசித்ததற்கு வெட்கப்படுகிறேன்.

டிசம்பர் 12

கிணற்றில் பம்பு போடுவதையே தம்பி நிறுத்திவிட்டான். லாரித் தண்ணீர். அதில் இரும்புச் சத்து அதிகம், விரிப்புகள் லேசாக மஞ்சளடிக்கின்றன. எத்தனை முறை வெளுத்தாலும் போகவில்லை. கொடியில் தொங்குவதை மாடியிலிருந்து பார்க்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைதான். மருத்துவமனையில் யாரும் தூரத்திலிருந்து பார்க்க மாட்டார்கள்.

ஜனவரி 9

டேப் ஓய்வு பெற்றார். கடைசி நாள் குறிப்புக் கட்டத்தில் எழுதியிருந்தார்: ‘கால் வலி. நாய் இப்போது துரத்துவதில்லை, கூடவே வருகிறது.’ கம்ப்யூட்டரில் ஏற்றினேன், ஒரு எழுத்து விடாமல்.

பிப்ரவரி 20

பெரிய மருத்துவமனை லாண்டரி வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. ஊருக்கு அந்தப் பக்கம், நகராட்சிக் குழாய்த் தண்ணீர் இருக்கும் இடத்தில்.

கீழே ஒரு சத்தமும் இல்லை. சண்டை போட்டால்கூடத் தேவலாம்.

மார்ச் 4

0.83. ஃப்ரிட்ஜில் மூன்றாவது பகுதி திறந்தார்கள். உறுமல் இப்போது என் அறை ஜன்னல் கண்ணாடியில் கை வைத்தால் தெரிகிறது.

ஏப்ரல் 1

1.02.

ஐந்து முறை அளந்தேன். வெல்டிங் தழும்பிலிருந்து விளிம்பு வரை அதையும் அளந்தேன். 92. டேப் இடத்தில் வந்திருக்கும் புதுப் பெண் என்னைப் பார்த்த பார்வையில், இந்த அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எழுதியிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை.

மே 6

1.11.

மே 22

தம்பி மெஷின்களை விற்றுவிட்டான். நான்கையும். ஏற்றும்போது நான் அலுவலகத்தில் இருந்தேன். வந்து பார்த்தபோது தரையில் நான்கு சதுரம் மட்டும் வெளுப்பாக இருந்தது. இனி அவன் மருத்துவமனை வேன் ஓட்டப் போகிறான். அதே விரிப்புகளை அந்தப் பக்கத்து லாண்டரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருகிற வேலை.

போன ஜூலையில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், ஃப்ரிட்ஜ்காரர்கள் எடுக்கும் தண்ணீர் அப்போதே பாதியாகக் குறைந்திருக்கும். கிணறு பிழைத்திருக்குமா? இருக்கலாம். இல்லாமலும் போகலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிழைத்திருக்கும் என்ற பக்கம்தான் கொஞ்சம் கனமாக இருக்கிறது. இதை எங்காவது எழுத வேண்டும். இங்கே எழுதுகிறேன்.

ஜூன் 3

1.19. மூன்றாவது மாதம். அறிக்கை அனுப்பினேன்.

ஜூலை 9

மறுபடி விசாரணை. அதே அம்மாள்தான் அதிகாரி. அதே வக்கீல். பின் வரிசையில் போன முறை வந்ததில் பாதிப் பேர்தான். தம்பி வரவில்லை, வேன் நேரம்.

வக்கீலின் குரல் இந்த முறையும் மென்மைதான். மழை குறைந்த வருடம் என்றாள். அளவெடுப்பதில் ஏற்கெனவே ஒருமுறை தவறு நடந்த குழாய் என்றாள். இதை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியுமா, வேறு நிபுணர்களை வைத்து முதலிலிருந்து ஆய்வு செய்ய வேண்டாமா என்றாள். ஆய்வு என்றால் இரண்டு வருடம். எல்லோருக்கும் தெரியும்.

 அதிகாரி போன வருடக் கோப்பைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வக்கீல் சொன்னதையே வாசித்தார். திருத்திய அளவுகளை நிறுவனம் முழுமையாக ஏற்கிறது. இனிமேலும் இந்தக் குழாயும் இந்த முறையுமே அடிப்படை. "இது நீங்க சொன்னதுதானேம்மா? நீங்கதான் பதிவு பண்ணச் சொன்னீங்க."

வக்கீல் ஆமாம் என்றாள். தன் கோப்பை மூடி வைத்தாள்.

படியில் இறங்கும்போது மேலதிகாரி கேட்டார்: "போன வருஷமே இதைக் கணக்குப் போட்டீங்களா?"

"இல்ல சார்."

நம்பவில்லை. யாரும் நம்பவில்லை. மருந்துக்கடைக்காரர் எதிரே வந்து, "பலே ஆளு மேடம் நீங்க, உள்ள விட்டு அடிச்சீங்க" என்றார். இப்போது கெட்டிக்காரி. போன வருடம் வேறு. இரண்டும் நான் இல்லை என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை.

ஆகஸ்ட் 13

உத்தரவு வந்துவிட்டது. எடுக்கும் நீர் பாதி. மீதிக்குக் கழிவுநீர்க் குழாய் போட ஆறு மாதம். அதுவரை மூன்றாவது பகுதி ஓடக் கூடாது.

கீழே தம்பி மனைவியிடம் சொன்னேன். "நல்லது அண்ணி" என்றாள்.  வெளுத்த நான்கு சதுரங்களின் மேல் சைக்கிள்கள் நிற்கின்றன.

செப்டம்பர் 2

1.21. உத்தரவு போட்டதும் தண்ணீர் ஓடி வந்துவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் டேப்பை இறக்கும்போது எதிர்பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது.

நவம்பர் 4

1.14. ஏழு சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. உத்தரவால் ஏறியதா, மழையால் ஏறியதா? இரண்டையும் பிரிக்க ஒரு வருட அளவாவது வேண்டும். அறிக்கையில் அப்படியே எழுதினேன்.

மாலை கீழே போனேன். சந்தைக்குப் போக ஒரு பை கேட்டு வாங்க. தம்பி உள்ளறையில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான், வேனை விட்டுவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். கதவு பாதி திறந்திருந்தது.

தம்பி மனைவி கேட்டாள், "ஏறுதாமே அண்ணி? கடையில பேசிக்கிட்டாங்க."

"ஏழு சென்டிமீட்டர்."

"அப்போ நம்ம கிணத்துக்கு எப்போ வரும்?"

அவள் முகத்தைப் பார்த்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் எப்போது இறங்கும் என்று கேட்கிற முகம். அடுத்த வருடம் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வருடம் என்றாவது. என்னிடம் அப்படி ஒரு எண் இல்லை.

"தெரியல" என்றேன்.

"உங்களுக்கே தெரியலேன்னா வேற யாருக்கு அண்ணி தெரியும்? சும்மா ஒரு உத்தேசமாச் சொல்லுங்களேன்."

உள்ளிருந்து குரல் வந்தது. என்னிடம் இல்லை, அவளிடம்தான்.

"விடு. அக்கா தெரியலேன்னு சொன்னா தெரியலதான்."

இன்னொரு ஷூ தரையில் விழும் சத்தம் கேட்டது. பையை வாங்கிக்கொண்டு மேலே வந்தேன்.